பானெட்டில் வந்த பெரியப்பா

கம்பவுண்டரின் காருக்குப் பெயின்ட் அடித்தே தீர வேண்டும் என்று முடிவானது, அதற்குள் யாரோ குப்பையைப் போட்டுவிட்டுப் போன அன்றுதான்.

போட்டவர் மேல் தப்புச் சொல்ல முடியாது. ஆஸ்பத்திரி மதிலோரம் வழக்கமாக நிற்கும் இடத்தில்தான் கார் நின்றது. அதன் பின்கதவுக் கண்ணாடி பாதிக்கு மேல் ஏறாது. அந்த இடைவெளி வழியாக யாரோ காய்கறித் தோலைப் பையில் போட்டு, ஒழுகாமல் இருக்க முடிச்சும் போட்டு, பின்சீட்டில் பதவிசாக வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். வாசல் காவலாளியிடம் கேட்டதற்கு, "குப்பை வண்டின்னு நெனைச்சிருப்பாங்க சார். நான் வேலைக்குச் சேர்ந்த புதுசுல எனக்கே அப்படித்தான் இருந்துச்சு" என்றார்.

ஒரு காலத்தில் அது நீல நிறக் கார். இப்போது அதன் நிறத்தை ஒரே வார்த்தையில் சொல்ல முடியாது. கூரை வெயிலில் வெளுத்துப் பழைய குடைத்துணி மாதிரி ஆகிவிட்டது. கதவுகளில் துரு படைபடையாகக் கிளம்பி, தோல் டாக்டரிடம் காட்ட வேண்டிய நிலையில் இருந்தது. பானெட்டில் மட்டும், முன்னால் வைத்திருந்தவர் ஏதோ ஆத்திரத்தில் பூசிவிட்டுப் பாதியில் விட்ட செங்காவி.

கம்பவுண்டர் சாது. ஆஸ்பத்திரி மருந்தகத்தில் களிம்பு குழைத்தும் இருமல் மருந்து கலக்கியும் தலை நரைத்தவர். அளவு சரியாக இருந்தால் உலகத்தில் எதுவும் எதோடும் சேரும் என்பது அவர் கட்சி. அவரிடம் ஒரே ஒரு குறை உண்டு. யாராவது முகத்தைப் பார்த்து ஒன்றைக் கேட்டுவிட்டால், கேட்டவருக்கு எது பிடிக்குமோ அந்தப் பதில்தான் அவர் வாயில் வரும்.

அவர் மனைவிக்கு அந்தக் குறை கிடையாது. அவள் பஸ் நிலையத்தில் அறிவிப்பாளர். அந்த ஊரில் அவள் குரலைக் கேட்காமல் யாரும் பஸ் ஏறியதில்லை. எதையும் தெளிவாகவும் இரண்டு தடவையும் சொல்லிச் சொல்லி, வீட்டிலும் அதே பழக்கம் ஒட்டிக்கொண்டது.

"வர்ற ஞாயிற்றுக்கிழமைக்குள்ள இந்தக் கார், கார் மாதிரி இருக்கணும். இல்லேன்னா நான் வேலைக்கு பஸ்லயே போய்க்கறேன்" என்றாள். கொஞ்சம் இடைவெளி விட்டு, "வர்ற ஞாயிற்றுக்கிழமைக்குள்ள" என்றாள்.

கார் ஷெட்டில் விசாரித்தால், அவர்கள் வண்டியைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, பதிலே சொல்லாமல் சிரித்தார்கள். கம்பவுண்டர் நேராக ஹார்டுவேர் கடைக்குப் போனார்.

கடைக்காரர், "கேட்டுக்கா, ஜன்னலுக்கா?" என்றார்.

"காருக்கு."

"எல்லாம் இரும்புதானே. இதை எடுத்துட்டுப் போங்க. வெண்ணெய் கலர். ரெண்டு கோட் அடிச்சு, மேல ஒரு கை வார்னிஷ் ஓட்டிட்டீங்கன்னா, பானெட்டுல முகம் தெரியும்."

கம்பவுண்டர் வீட்டுப் பக்கவாட்டுச் சந்தில் தார்ப்பாய் கட்டி, காரை அதற்கடியில் தள்ளி நிறுத்தினார். முதல் வேலை தேய்ப்பது. உப்புத்தாளை எடுத்துக்கொண்டு உற்சாகமாக ஒரு கதவில் ஆரம்பித்தவர், அதே கதவில் ஓய்ந்துபோனார். மறுநாள் மருந்தகத்தில் மாத்திரையைப் பிடித்தால் விரலில் நிற்கவில்லை. இருந்தாலும் விடவில்லை. தினமும் வேலை முடிந்து வந்து, துருவைச் சுரண்டி, பள்ளத்தில் பட்டி அப்பி, ஒருவழியாகக் காரை ஒரே மாதிரி அசிங்கமாக ஆக்கினார். அதுவே முன்னேற்றம்தான்.

பெயின்ட் கலக்குவதில்தான் அவர் கை தேர்ந்த கை. பெயின்ட்டை இளக்கும் டின்னரை அளவுக் குவளையில் கண்ணுக்கு நேராகப் பிடித்து ஊற்றினார். கண்ணாடிக் குச்சியால் கலக்கினார். பழக்கதோஷத்தில் டப்பாவின் மேல் 'வெளி உபயோகத்திற்கு மட்டும்' என்று சீட்டும் ஒட்டினார். கலவை அருமையாக வந்தது. அடித்ததுதான் சரியாக வரவில்லை. முதல் கோட், தலை வாரியது போலக் கோடு கோடாக நின்றது. அதை மறைக்க இரண்டாவது கோட்டைத் தாராளமாக அடித்தார். அது மெழுகுவர்த்தி மாதிரி ஒழுகியது. காய்ந்துவிட்டதா என்று விரலால் தொட்டுப் பார்த்தார், ரேகை பதிந்தது. ரேகையை மறைக்கப் பிரஷ்ஷால் தடவினார். பிரஷ் மயிர் ஒன்று ஒட்டியது. மயிரை எடுக்கப் போனார். ஒரு பூச்சி வந்து உட்கார்ந்தது. பூச்சியை எடுக்கும்போது முழங்கை பட்டது. ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த மனைவி, "அங்கிருந்து கையை எடுத்துட்டு அப்படியே பின்னாடி வாங்க. அப்படியே பின்னாடி" என்று அறிவித்தாள்.

அந்த நேரம் பார்த்துக் காற்று கிளம்பியது. சந்தில் இருந்த சருகும் மண்ணும் எழும்பின. பிசுபிசுவென்றிருந்த காரை எதையாவது போட்டு மூட வேண்டும். போர்வையைக் கேட்டால் மனைவி தர மாட்டாள். மருந்து பாட்டில்களைச் சுற்றிக் கட்டுவதற்காக வாங்கி வைத்திருந்த பழைய செய்தித்தாள் கட்டு ஒன்று வராந்தாவில் கிடந்தது. அதைப் பிரித்து, கூரை, கதவு, பானெட் என்று ஒரு இடம் விடாமல் போர்த்தினார். அப்புறம் தூறல் போட்டது. தார்ப்பாயில் ஓட்டை இருந்தது அன்றைக்குத்தான் தெரிந்தது.

விடிந்து பார்த்தால் கார் இல்லை, ஒரு பெரிய பார்சல்தான் நின்றது. தாள்கள் தோலாகவே மாறிவிட்டிருந்தன. இழுத்தால் கிழிந்ததே தவிர வரவில்லை. ஈரத்துணியை வைத்துத் தேய்த்தார். தாள் திரிதிரியாக உருண்டு வந்தது. ஒரு பகல் முழுக்க உரித்த பிறகு, கார் மேல் மங்கலாக வெள்ளைப் பூச்சு மாதிரி ஒன்று மிச்சம் நின்றது.

கடைக்காரரிடம் ஓடினார். "வெள்ளையா பூத்திருக்கா? ஈரம் சார் அது. வார்னிஷ் ஓட்டுங்க, எல்லாம் அடங்கிடும்."

ஓட்டினார். கடைக்காரர் சொன்னது சரிதான், பிரஷ் போன இடமெல்லாம் வெள்ளை கரைந்து கண்ணாடி மாதிரி தெளிந்தது. தெளிந்த இடத்தில், பானெட்டின் நடுவில், ஒரு மீசை தெரிந்தது.

டின்னர் வாடை தலைக்கேறிவிட்டது என்று நினைத்தார் கம்பவுண்டர். தெருமுனை வரை போய், நன்றாக மூச்சை இழுத்து விட்டுவிட்டுத் திரும்பி வந்தார். மீசை அங்கேயே இருந்தது. இன்னும் கொஞ்சம் வார்னிஷ் தடவினார். மூக்கு வந்தது. அப்புறம் இரண்டு கண்கள், கட்டம் போட்ட சட்டைக் காலர், தோளில் யாருடையதோ ஒரு கை. முகத்துக்குக் கீழே பெரிய பெரிய எழுத்துகள், எல்லாம் இடவலம் மாறி. தாளில் இருந்த மை அப்படியே பெயின்ட்டில் இறங்கி, அதற்கு மேல் வார்னிஷ் பூட்டுப் போட்டுவிட்டது. கூரையில் பங்குச்சந்தை நிலவரமும் கதவில் கட்டில் மெத்தைத் தள்ளுபடியும் கிடந்தன. ஆனால் அதையெல்லாம் யார் பார்க்கப் போகிறார்கள்? பானெட் முழுக்க அந்த ஆள்தான் இருந்தார். கடைக்காரர் முகம் தெரியும் என்றார். யார் முகம் என்று சொல்லவில்லை.

மனைவி வந்து நின்று பார்த்தாள். "யாரு இது?"

"தெரியல."

"தெரியாத ஆளை எதுக்கு வரைஞ்சீங்க?"

திங்கட்கிழமை அவள் பஸ்ஸில் போனாள். கம்பவுண்டர் காரில் போனார். வேறு வழியில்லை, அவர் போகும் பக்கம் பஸ் கிடையாது.

வண்டி ஓட்டிக்கொண்டு போகும்போதுதான் அந்த விசித்திரம். அவருக்கு முன்னால் போகிற வண்டிகளெல்லாம் திடீர் திடீரென்று வேகம் குறைந்தன. ஒரு லாரி ஊர்ந்தது. லாரி ஒதுங்கி வழிவிட்டால், அடுத்து மாட்டிய வேனும் ஊர்ந்தது. வேன் டிரைவர் பக்கவாட்டுக் கண்ணாடியில் கண்ணை ஒட்ட வைத்துக்கொண்டு, உதட்டை அசைத்து ஏதோ படிப்பது தெரிந்தது. சிக்னலில் ஒருவர் இறங்கியே வந்து கம்பவுண்டரின் தோளைத் தட்டி, "மனசை விட்டுடாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நாற்சந்தியில் போக்குவரத்துப் போலீஸ்காரர் கையைக் காட்டினார். "ஓரங்கட்டுங்க சார். என்ன இது, முன்னாடி போறவனெல்லாம் பின்னாடியே பார்த்துட்டுப் போறான்?"

கம்பவுண்டர் இறங்கி நின்றார். போலீஸ்காரர் பானெட்டை உற்றுப் பார்த்தார். தலையைச் சாய்த்துப் பார்த்தார். பிறகு ஏதோ தோன்றி, தன் மோட்டார் சைக்கிளை உருட்டி வந்து காருக்கு முன் நிறுத்தி, அதன் கண்ணாடியைத் திருப்பி, குனிந்து சத்தமாகப் படித்தார்.

"காணவில்லை. மேலே படத்தில் உள்ள எங்கள் குடும்பத் தலைவரைக் கடந்த திங்கட்கிழமை மாலை முதல் காணவில்லை. போகும்போது கட்டம் போட்ட சட்டை அணிந்திருந்தார். கோபமாக இருப்பார். கண்டவர்கள் பக்குவமாகப் பேசி அழைத்து வரவும்."

அதற்குக் கீழே தொலைபேசி எண் இருந்திருக்க வேண்டும். அந்த இடத்தைக் கம்பவுண்டர் கொஞ்சம் அழுத்தித் தேய்த்துவிட்டார்.

போலீஸ்காரர் நிமிர்ந்தபோது அவர் கண் கலங்கியிருந்தது. "முன்னாடி போறவனுக்குக் கண்ணாடியில நேரா தெரியணும்னு, ஆம்புலன்ஸ்ல எழுதற மாதிரி மாத்தி அடிச்சிருக்கீங்களே சார். இந்த மாதிரி யோசிக்க எவ்வளவு பாசம் இருக்கணும்! யாரு சார் உங்களுக்கு இவரு?"

இவருக்கும் எனக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, பெயின்ட் காயவில்லை, அவ்வளவுதான் என்று சொல்லத்தான் கம்பவுண்டர் வாயைத் திறந்தார். போலீஸ்காரர் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பெரியப்பா" என்றார் கம்பவுண்டர்.

அந்த ஒரு சொல்லோடு போயிற்று அவர் நிம்மதி. போலீஸ்காரர் மற்ற நாற்சந்திகளுக்கும் தகவல் சொல்லிவிட்டார். அன்று மாலையே பெரிய டாக்டர் மருந்தக ஜன்னலில் தலையை நீட்டி, "பெரியப்பா விஷயம் கேள்விப்பட்டேன். சொல்லவே இல்லையே நீங்க" என்று வருத்தப்பட்டார். நர்சுகள் அவரைப் பார்த்தால் குரலைத் தாழ்த்தினார்கள். மருந்து வாங்க வரிசையில் நின்றவர்கள் மாத்திரை மாறியிருந்தால்கூடச் சண்டை போடவில்லை.

வீட்டில் மட்டும் ஆறுதல் கிடைக்கவில்லை. பஸ் நிலையத்தில் மனைவியிடமும் யாரோ துக்கம் விசாரித்திருந்தார்கள். "இவ்வளவு வருஷமா எனக்குத் தெரியாம எங்கேருந்து முளைச்சாரு ஒரு பெரியப்பா? உங்கப்பாவுக்கு அண்ணனே கிடையாதே!"

"அந்தப் போலீஸ்காரர் அழுதுட்டாரு. நான் என்ன பண்றது?"

"ஒருத்தர் அழுதா உடனே சொந்தக்காரனைப் பெத்துக் கொடுத்துடுவீங்களா?"

அதற்குள் ஆட்களும் வர ஆரம்பித்துவிட்டார்கள். எண் அழிந்துபோனதால், பெரியப்பாவைக் கண்டுபிடித்தவர்கள் நேராக மருந்தகத்துக்கே கூட்டி வந்தார்கள். முதலில் வந்தவர் ஒரு பழக்கடைக்காரர். மீசை இருந்தது என்பதைத் தவிர அவர் மேல் வேறு குற்றம் கிடையாது. அடுத்தது ஒரு பள்ளிக்கூட வாட்ச்மேன். அவரைப் பாதி மணி அடித்துக்கொண்டிருக்கும்போது பிடித்து வந்திருந்தார்கள். இன்னொருவர் நிஜமாகவே வீட்டை விட்டு ஓடி வந்தவர். ஆனால் அவரை யாரும் தேடவில்லை. கம்பவுண்டர் ஒவ்வொருவரிடமும் மன்னிப்புக் கேட்டு, தொண்டைக்கு இதமாக ஒரு பெப்பர்மின்ட் மாத்திரை கொடுத்து அனுப்பி வைத்தார்.

புதன்கிழமை பால் வேன் டிரைவர் யாரோ ஒரு ஆளை இழுத்துக்கொண்டு வந்தார். வரிசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் மூச்சை உள்ளே இழுத்தார்கள். அந்த மீசை, அந்த மூக்கு, அந்தக் கண்கள். சட்டையில் கட்டம்கூட இருந்தது.

"விடுய்யா கையை! நான் வேலைக்குப் போயிட்டிருக்கேன்!" என்று அவர் கத்தினார்.

"கோபமா இருப்பாருன்னு போட்டிருந்துச்சே" என்றார் டிரைவர், பெருமையோடு.

வரிசை வழிவிட்டது. பெரிய டாக்டர் ஸ்டெதஸ்கோப்போடு வெளியே வந்து நின்றார். ஒரு அம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். எல்லோரும் கம்பவுண்டரையே பார்த்தார்கள். அவர் ஜன்னலை விட்டு வெளியே வந்தார்.

"பெரியப்பா!" என்றார்.

"யாருடா நீ?" என்றார் அவர்.

"ஐயோ, ஞாபகமே இல்ல பாரு" என்றாள் அந்த அம்மாள், விம்மலோடு.

"வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க. தெரிஞ்ச முகங்களைப் பார்த்தா எல்லாம் திரும்பி வரும்" என்று டாக்டர் அங்கேயே விடுப்பும் கொடுத்துவிட்டார். அத்தனை பேரும் சேர்ந்து அந்த மனிதரைக் காருக்குள் ஏற்றி, கதவைச் சாத்தி, கையசைத்து வழியனுப்பினார்கள்.

தெருவைத் தாண்டியதும் கம்பவுண்டர் காரை நிறுத்தி, ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு, நடந்த எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னார். உப்புத்தாள், பெயின்ட், தூறல், வார்னிஷ், போலீஸ்காரர். அந்த மனிதர் கேட்டு முடித்தார். பிறகு கீழே இறங்கிப் போய்ப் பானெட்டைப் பார்த்தார்.

"இது எங்க வீட்டு போட்டோ" என்றார். "தோள்ல கிடக்கறது என் பொண்டாட்டி கை."

அவர் ஒரு பெரிய அலுவலகக் கட்டடத்தில் லிஃப்ட் இயக்குபவர். கம்பவுண்டர் வீட்டில் டீ குடித்துக்கொண்டே அவர் கதையைச் சொன்னார். பல வருஷம் முன்னால் ஒருநாள் அவருக்கு ஏதோ தோன்றி மீசையை எடுத்துவிட்டாராம். வீட்டில் யாரும் கவனிக்கவில்லை. மறுநாளும் கவனிக்கவில்லை. அதற்கடுத்த நாள் மனைவியின் எதிரில் போய் உட்கார்ந்து, முகத்தை நீட்டி, "ஏதாவது வித்தியாசம் தெரியுதா?" என்று கேட்டிருக்கிறார். "டெய்லர்கிட்ட கொடுத்த சட்டை வந்துருச்சா?" என்றாளாம் அவள். வெளியே போனவர் வீட்டுக்குத் திரும்பவில்லை.

"எங்க போனீங்க?" என்றாள் கம்பவுண்டரின் மனைவி.

"எங்கயும் போகல. லிஃப்ட்லதான் இருந்தேன். பகல்ல வேலை, ராத்திரி மேல் மாடி ஸ்டோர் ரூம்ல படுக்கை. தினம் எத்தனை பேர் ஏறி இறங்கறாங்க. எல்லாரும் கதவைப் பார்த்துக்கிட்டு நிப்பாங்க, இல்லேன்னா மாடி நம்பரைப் பார்ப்பாங்க. என்னை யாரு பார்க்கறாங்க?" அவர் டீயை ஒரு வாய் உறிஞ்சினார். "வாரக் கடைசியில நானே வீட்டுக்கு வந்துட்டேன். மச்சினன் பத்திரிகை ஆபீஸ்ல இருந்தான். இடம் காலியா இருந்த அன்னைக்குத்தான் விளம்பரம் போட முடிஞ்சதாம். அது நான் வந்ததுக்கு மறுநாள். அதுவும் மீசை வச்ச போட்டோ, அப்ப எனக்கு மீசை திரும்ப முளைக்கல. அரைப் பக்கம் போட்டும் ஒருத்தன்கூடப் பார்த்தேன்னு வரல. அந்தப் பேப்பரை நானும் பார்க்கல, கோபத்துல."

கம்பவுண்டரின் மனைவி உள்ளே போய்க் கைக்கண்ணாடியை எடுத்து வந்தாள். லிஃப்ட்காரர் பானெட்டின் முன் அதைப் பிடித்துக்கொண்டு, எழுத்துக்கூட்டி முழுவதும் படித்தார்.

"'கோபமாக இருப்பார்'ன்னு போட்டிருக்கா! 'பக்குவமாப் பேசி'யாம்! இது அவ எழுதினதுதான்" என்றார். மறுபடி முதலிலிருந்து படித்தார். கண்ணாடியைத் திருப்பிக் கொடுக்க அவருக்கு வெகுநேரம் ஆயிற்று.

மாலையில் கம்பவுண்டர் அவரை வீட்டில் கொண்டுபோய் விட்டார். லிஃப்ட்காரரின் மனைவி கதவைத் திறந்தாள். ஒடிசலான, வேகமான பெண்மணி. "யாரு இவரு?" என்றாள்.

"என்னைக் கண்டுபிடிச்சவரு" என்றார் லிஃப்ட்காரர், உள்ளே போய்க்கொண்டே.

அத்தோடு முடியவில்லை. முகம் பானெட்டில் இருக்கும்வரை முடியவும் முடியாது. சோப்பு வாங்கப் போனால் அவரைப் பிடித்து வந்தார்கள். சவரம் பாதியில் இருக்கும்போது சலூனிலிருந்து தூக்கி வந்தார்கள். கடைசியில் கம்பவுண்டரின் மனைவிதான் வழி சொன்னாள்: "பேசாம அவரையே முன்சீட்டுல உட்கார வச்சுட்டுப் போங்க. படத்தையும் பார்ப்பாங்க, ஆளையும் பார்ப்பாங்க. கிடைச்சுட்டாருன்னு தெரிஞ்சுடும்."

சொன்னபடியே நடந்தது. தினமும் காலையில் கம்பவுண்டர் வருவதற்கு முன்பே லிஃப்ட்காரர் தலைசீவி, இஸ்திரி போட்ட சட்டையில் வாசலில் நிற்பார். முன்னால் போகும் வண்டி வேகம் குறைந்ததும், மெல்லத் தலையைத் தூக்கிக் கையசைப்பார். டிரைவர்கள் ஹாரன் அடித்து வாழ்த்துவார்கள். லிஃப்ட்டிலும் இப்போது யாரும் கதவைப் பார்த்துக்கொண்டு நிற்பதில்லையாம். எல்லோரும் அவர் பக்கம் திரும்பி, "எங்க போயிருந்தீங்க?" என்று கேட்கிறார்களாம். இரண்டாவது மாடிக்குப் போகிறவர்களுக்கு ஒரு சின்னக் கதை வைத்திருந்தார். உச்சிமாடிக்காரர்களுக்கு மலை, காடு, படகு எல்லாம் வரும்.

"ஸ்டோர் ரூம்னு சொல்றதில்லையா?" என்று கம்பவுண்டர் கேட்டார்.

"அதைச் சொல்லி எதுக்கு தம்பி ஏமாத்தணும் அவங்களை?" என்றார் அவர்.

பொய்யாகக் கூப்பிட்ட பெரியப்பா வாய்ப்பழக்கத்தில் நிஜமாகவே பெரியப்பா ஆகிவிட்டார். அவர் மனைவி பெரியம்மா ஆனாள். எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, கம்பவுண்டரின் மனைவி ஒருநாள் கை கட்டிக்கொண்டு காரின் முன் நிற்கும்வரை. "எனக்குன்னு வாக்குக் கொடுத்த கார் எங்க? நான் இன்னும் பஸ்லதான் போறேன். ஞாயிற்றுக்கிழமை தேய்க்கறீங்க. ஞாயிற்றுக்கிழமை."

வெள்ளிக்கிழமை போகும் வழியில் கம்பவுண்டர் அதை மெதுவாகச் சொன்னார்.

"அப்போ முகம்?" என்றார் லிஃப்ட்காரர்.

"தேய்ச்சாத்தான் பெரியப்பா புது பெயின்ட் ஒட்டும்."

"தேய்ங்க, தேய்ங்க. உங்க கார்" என்றார். அப்புறம் யார் ஹாரன் அடித்தும் அவர் தலையைத் தூக்கவில்லை. இறங்கும்போது கதவை மிக மெதுவாகச் சாத்தினார். ஓங்கி அறைந்திருந்தால்கூடக் கம்பவுண்டருக்கு அவ்வளவு சங்கடமாக இருந்திருக்காது.

ஞாயிற்றுக்கிழமை காலை வாளியில் உப்புத்தாளை ஊறப் போட்டுக்கொண்டிருக்கும்போது பெரியம்மா மூச்சிரைக்க வந்து நின்றாள். "தம்பி, அவரைக் காணோம். டீ கூடக் குடிக்காம எங்கயோ கிளம்பிப் போயிட்டாரு. கேட்டா பதில் சொல்லல."

கம்பவுண்டர் உப்புத்தாளை வாளியிலேயே விட்டார். மனைவி ஏற்கெனவே செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள். "கார் இருக்கு. படம் இருக்கு. நல்லவேளை இன்னும் தேய்க்கல. ஏறுங்க" என்றாள்.

பெயின்ட் அடித்த பிறகு அவள் அந்தக் காரில் ஏறியது அதுதான் முதல் தடவை. முன்சீட்டில் உட்கார்ந்து, தலையை வெளியே நீட்டி, அறிவிப்புக் குரலை எடுத்தாள். "பொதுமக்கள் கவனத்திற்கு. கட்டம் போட்ட சட்டை அணிந்த பெரியவர் ஒருவரை..."

"இன்னைக்குக் கோடு போட்டது" என்றாள் பெரியம்மா பின்சீட்டிலிருந்து.

"கோடு போட்ட சட்டை அணிந்த பெரியவர் ஒருவரைக் கண்டவர்கள்..."

தெருவில் போனவர்கள் பழக்கத்தில் பஸ் வருகிறது என்று நினைத்துப் பெட்டியைத் தூக்கினார்கள். முன்னால் போன வேன் நின்றது. டிரைவர் இறங்கி வந்தார். "என்ன சார், அவருதான் கிடைச்சுட்டாரே!"

"மறுபடியும் போயிட்டாரு!"

பூங்காவில் ஒவ்வொரு பெஞ்சாகப் பார்த்தார்கள். ரயில் நிலையத்தில் பெரியம்மாவே இறங்கி, இரண்டு நடைமேடைக்கும் ஓடி, கிளம்பத் தயாராக நின்ற ரயிலின் ஜன்னல்களில் எல்லாம் எட்டிப் பார்த்தாள். ஆற்றுப் பாலத்தில் மூவரும் இறங்கித் தண்ணீரை எட்டிப் பார்த்தார்கள். பிறகு பெரியம்மா, "அவருக்கு ஜலதோஷம் பிடிக்கும், இங்கெல்லாம் வர மாட்டாரு" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டுக் காரில் ஏறிக்கொண்டாள். நாற்சந்தியில் அதே போலீஸ்காரர். விஷயத்தைக் கேட்டதும், "பெரியப்பாவா? இப்பத்தானே சார் கிடைச்சாரு!" என்று பதறி, மோட்டார் சைக்கிளில் முன்னால் கிளம்பிவிட்டார். அவர் போகும் வேகத்துக்குக் கம்பவுண்டரின் கார் ஈடுகொடுக்கவில்லை. ஒரு திருப்பத்தில் அவரையும் காணவில்லை.

வெயில் சாய்ந்த பிறகு, தொண்டை கட்டி, தலை கலைந்து, மூவரும் வீட்டுக்குத் திரும்பினார்கள். போலீசில் முறைப்படி எழுதிக் கொடுக்கலாம் என்று பேசிக்கொண்டே சந்துக்குள் நுழைந்தால், தார்ப்பாய்க்கு அடியில், வாளிக்குப் பக்கத்தில், கவிழ்த்துப் போட்ட டப்பா மேல் லிஃப்ட்காரர் உட்கார்ந்திருந்தார். சட்டைக் கையை முழங்கை வரை மடித்துவிட்டிருந்தார். முகம் கடுகடுவென்று இருந்தது.

"எங்க போய்த் தொலைஞ்சீங்க எல்லாரும்?" என்றார். "என் முகத்தை இன்னொருத்தர் தேய்க்கறது நல்லா இல்ல, நாமளே தேய்ச்சுக் கொடுத்துடலாம்னு காலையிலேயே கிளம்பினேன். வழியில உப்புத்தாள் வாங்கக் கடை கடையா அலைஞ்சு இங்க வந்து பார்த்தா, காரையே காணோம்! மனுஷன் எவ்வளவு நேரம்தான் காத்திருக்கறது?"

பெரியம்மா கதவைத் திறந்துகொண்டு இறங்கினாள். திட்டப் போகிறாள் என்றுதான் கம்பவுண்டர் நினைத்தார். அவளுக்குக் குரல் வரவில்லை. கம்பவுண்டரின் மனைவிதான் கரகரத்த தொண்டையில் சொன்னாள்: "உங்களைத் தேடித்தான் போனோம்."

"என்னையா?"

"உங்களைத்தான்."

லிஃப்ட்காரர் டப்பாவிலிருந்து எழுந்தார். மறுபடி உட்கார்ந்தார். "காலையில இருந்தா?"

"காலையில இருந்து."

"எங்கெங்க தேடினீங்க?"

கம்பவுண்டர் சொன்னார். பூங்கா, ரயில் நிலையம், பாலம், மார்க்கெட், மூன்று சலூன். லிஃப்ட்காரர் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். "நூலகத்துக்கு ஏன் போகல?" என்றார் கொஞ்சம் குறையாக.

"நீங்க என்னைக்குப் படிச்சீங்க?" என்றாள் பெரியம்மா. அவளுக்குக் குரல் வந்துவிட்டது.

"இருந்தாலும் ஒரு எட்டுப் பார்த்திருக்கலாம். சரி, ரயில்வே ஸ்டேஷன்ல யாரு இறங்கினது?"

"நான்தான். ரெண்டு பக்கமும் ஓடினேன். வண்டி கிளம்பற நேரம். ஒரு ஜன்னல் விடல."

"நீ ஓடினியா?" அவர் மனைவியைத் தலையிலிருந்து கால்வரை புதிதாகப் பார்ப்பது போலப் பார்த்தார். "உனக்கு முழங்கால் வலியாச்சே."

"வலிக்குதுதான்."

அவர் நகர்ந்து, டப்பாவில் அவளுக்கு இடம் கொடுத்தார். அந்த டப்பாவில் இரண்டு பேர் உட்கார முடியாது. ஆனாலும் உட்கார்ந்தார்கள். கம்பவுண்டரின் மனைவி டீ போட உள்ளே போனாள். அன்றைக்கு இனிமேல் தேய்க்க வெளிச்சம் இருக்காது, அடுத்த ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று கம்பவுண்டர் வாளித் தண்ணீரைக் கொட்டினார்.

"அந்த ரயில் எந்த ஊருக்குப் போற ரயில்?" என்று பின்னால் லிஃப்ட்காரர் மெதுவாகக் கேட்டுக்கொண்டிருந்தார். "முதல்ல இருந்து சொல்லு. ஸ்டேஷனுக்குள்ள எந்த வாசல் வழியா போனே?"